முட்டுக்கட்டைக்கு ஒரு வக்காலத்து

நம் பாஷையில் அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்ட சொற்கள் சில உண்டு. அவற்றில் முதலிடம் முட்டுக்கட்டைக்குத்தான். ஒரு நல்ல காரியம் நடக்கவிருக்கும்போது யாராவது குறுக்கே வந்து கெடுத்தால், 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். பத்திரிகைத் தலைப்புகளில் கட்சிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கட்டை போடுகின்றன. கல்யாணப் பேச்சில் பெரியப்பா போடுகிறார். ஆபீஸில் ஹெட் கிளார்க் போடுகிறார். இப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அசல் முட்டுக்கட்டையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். பார்த்திருந்தால் இந்தப் பழியைச் சொல்ல வாய் வராது. தேர் ஓடுகிற ஊரில் வளர்ந்தவன் என்ற உரிமையில், அந்த மரத்துண்டின் சார்பாக வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் வருஷத்துக்கு மூன்று தேர். தையில் ஒன்று, பங்குனியில் கோரதம், சித்திரையில் பெரிய தேர். மூன்றிலும் ஜனக்கூட்டம் அதிகம் சேர்வது சித்திரைத் தேருக்குத்தான். சுற்று வட்டாரத்துக் கிராம ஜனங்கள் முதல் நாளே வந்து, கிடைத்த திண்ணையில் துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலையில் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்பார்கள். இந்தத் திருநாளுக்கு 'விருப்பன் திருநாள்' என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தபோது நம்பெருமாளை ஊரை விட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மலையும் காடுமாக அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணரின் முயற்சியால் அவர் தம் ஊருக்குத் திரும்பியது 1371-இல். இடையில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். அதற்குப் பிறகு 1383-இல், விஜயநகர அரச குடும்பத்தைச் சேர்ந்த விருப்பண்ண உடையார் நடத்தி வைத்த உற்சவம்தான் இந்தச் சித்திரைத் திருநாள். சுவாமி ஊரில் இருக்கிறார், தெருவில் வருகிறார், யாரும் ஒளிக்க வேண்டியதில்லை என்பதை நான்கு வீதிக்கும் தெரிவிக்கிற உற்சவம். அப்படிப் பார்த்தால் நம் சித்திரைத் தேரே ஒரு ஜீர்ணோத்தாரணம்தான். பழையதைச் சீர்படுத்தி மறுபடியும் ஓட விட்டது.

சரித்திரத்தை இங்கே நிறுத்திவிட்டு, தேரின் அடிப்பக்கம் கொஞ்சம் குனிந்து பார்ப்போம். மேலே பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு.

தேருக்குச் சக்கரம் உண்டு, அச்சு உண்டு, அச்சாணி உண்டு. திருப்புகிற சாதனம் கிடையாது. மாட்டு வண்டியானால் மாட்டைத் திருப்பினால் வண்டி திரும்பும். குதிரை வண்டிக்குக் கடிவாளம். சைக்கிளுக்கு ஹாண்டில்பார். தேரின் அச்சோ பீடத்தோடு பீடமாக இறுகிக் கிடக்கிறது. சக்கரம் முன்னால் உருளும், பின்னால் உருளும், அவ்வளவுதான். நேராகப் போவதற்கு மட்டுமே செய்யப்பட்ட வண்டி அது. ஆனால் போக வேண்டியதோ சதுரமான நான்கு வீதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீழச் சித்திரை வீதியில் தேர்முட்டியிலிருந்து புறப்படுகிறது. தெற்கே போய், மேற்கே திரும்பி, வடக்கே திரும்பி, கிழக்கே திரும்பி, மறுபடி தெற்கே திரும்பி நிலைக்கு வருகிறது. பிரதட்சிணம் என்பதால் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம். ஆயுசு முழுவதும் இடப்பக்கம் திரும்பாத வாகனம் உலகத்தில் கோயில் தேர் ஒன்றாகத்தான் இருக்கும்.

வலப்பக்கம் மட்டும்தானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 14 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வலப்புறச் சக்கரம் இருந்த இடத்திலேயே நின்று தேர் கால் வட்டம் திரும்பினால், இடப்புறச் சக்கரம் 22 அடி ஓட வேண்டும். ஒன்று நிற்க வேண்டும், மற்றது ஓட வேண்டும். அதோடு தீர்ந்ததா? வலப்புறத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்கள். ஒன்றை மையமாக வைத்துத் திரும்பினால் மற்றது உருளவே முடியாது. பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே நகர வேண்டும். கல்லும் மண்ணுமான தெருவில், டன் கணக்கான பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்வது என்றால் சாமான்யமா?

இங்கேதான் நம் கட்சிக்காரர் பிரவேசிக்கிறார். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனத்த மரத்துண்டு. ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால், சரியான நொடியில், சரியான கோணத்தில் அதைப் போட வேண்டும். நேராகப் போட்டால் தேர் நிற்கும். சற்றே சாய்த்துப் போட்டால் சக்கரம் கட்டையின் மேல் ஏறி, வழுக்கி, நாம் நினைத்த பக்கம் இறங்கும். நேர் வீதியிலும் தேர் எந்நேரமும் ஒரு பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். பத்தடிக்கு ஒருமுறை கட்டை விழுந்துகொண்டே இருந்தால்தான் வீட்டுக் கூரைகள் தப்பும். திருப்பத்தில் வலப்புறச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, வடத்தை வலப்பக்கமாகச் சாய்த்து இழுத்து, தேய வேண்டிய சக்கரத்தின் அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு போட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். மோட்டாரில் சுக்கான் வளையம் செய்கிற வேலை, பிரேக் செய்கிற வேலை இரண்டையும் இந்த மரத்துண்டு ஒன்றே செய்கிறது.

கொள்ளிடக் கரையிலிருந்து வந்து இந்த வேலை செய்கிற ஒரு முதியவரோடு ஒரு முறை பேசிக்கொண்டிருந்தேன். கைவிரல்கள் எல்லாம் கட்டையைப் போலவே காய்த்துப் போயிருந்தன. "இவ்வளவு பெரிய தேர் வருகிறபோது பயமாக இருக்காதா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"தேரைப் பாத்தா பயந்தான் தம்பி. நாங்க தேரைப் பாக்கறதில்லை. சக்கரத்தைத்தான் பாப்போம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கட்டையைப் போடறது பெரிசில்லை. கையை எடுக்கணும் பாருங்க, அதுதான் வேலை" என்றார்.

அச்சாணிக்குத் திருக்குறளில் இடம் கிடைத்திருக்கிறது. முட்டுக்கட்டைக்கு எந்தப் புலவரும் இடம் கொடுக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வசைமொழி.

மேல்நாட்டார் இதே சங்கடத்தை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால், அவர்களும் எளிதில் தீர்த்துவிடவில்லை என்று தெரிகிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உலகத்துக்குக் காட்டிய மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். நான்கு சக்கர வண்டியைத் திருப்தியாகத் திருப்ப அவருக்கு அப்போது வழி புலப்படவில்லை. வழியை ஏற்கெனவே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் 1817-இல் குதிரை வண்டிக்காகச் செய்த ஏற்பாடு அது. திருப்பத்தில் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு திரும்பக் கூடாது, உள்பக்கத்துச் சக்கரம் சற்று அதிகம் திரும்ப வேண்டும் என்பது அதன் சூட்சுமம். மறு வருஷம் லண்டனில் ஆக்கர்மன் என்பவர் அதற்குப் பேடண்ட் வாங்கினார். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, வாங்கியவர் பெயர் நிலைத்தது. இன்றைக்கும் என்ஜினீயரிங் பாடத்தில் அது ஆக்கர்மன் முறைதான். பென்ஸ் நான்கு சக்கரத்துக்கான தம்முடைய ஏற்பாட்டுக்குப் பேடண்ட் பெற்றது 1893-இல்.

அப்போதும் வட்டமான சுக்கான் வரவில்லை. ஆதி மோட்டார்களைப் படகைத் திருப்புவது போல ஒரு நீண்ட கைப்பிடியால் திருப்பினார்கள். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த மோட்டார் பந்தயத்தில் வாஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தம்முடைய பனார் வண்டியில் வட்டமான வளையத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சில வருஷங்களில் கைப்பிடி போயிற்று, வளையம் நின்றது.

அந்த வளையத்துக்கும் ஜீர்ணோத்தாரணம் உண்டு என்பதைத் திருச்சியில்தான் நேரில் பார்த்தேன். பாலக்கரைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. 1950-களில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்த லாண்ட்மாஸ்டர் கார் ஒன்றின் சுக்கான் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். உள்ளே இரும்புக் கம்பி, மேலே கெட்டியான பிளாஸ்டிக். திருச்சி வெயிலில் பிளாஸ்டிக் ஒரு விதமாகவும் இரும்பு ஒரு விதமாகவும் விரிந்து சுருங்கினால் என்ன ஆகும்? கோடைக் காலத்து வயல் போல வளையம் முழுவதும் வெடிப்பு. விரிசலை மூடுவதற்கு முன்னால் அதை இன்னும் பெரிதாக்குகிறார். இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கினால்தான் உள்ளே திணிக்கிற எபாக்ஸிப் பசைக்குப் பிடிப்பு இருக்குமாம். பசை இறுகக் காத்திருந்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகுதான் வர்ணம்.

வளையத்தின் அடிப்பக்கம் விரல்கள் பதிவதற்கு மேடும் பள்ளமுமாக இருந்தது. அதைத் தனியாக ஒரு வட்ட அரத்தால் மெதுவாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். "அடியில் யார் பார்க்கப் போகிறார்கள், வழவழவென்று விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பாக்கறவங்களுக்கு இல்லை சார் இது. ஓட்டறவர் கைக்கு. பள்ளம் போச்சுன்னா வளையம் புதுசா இருக்கும், பிடி இருக்காது" என்றார்.

பழைய பொருளைப் புதுப்பிக்கிறவர்கள் அத்தனை பேரும் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய வார்த்தை என்று எனக்குப் பட்டது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் காப்பாற்றினால் போதுமா? தேர் விஷயத்தில் இந்தக் கேள்வி ரொம்பப் பெரிதாகவே எழுந்தது.

பூரி ஜகந்நாதத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வருஷா வருஷம் மூன்று தேரையும் புது மரத்தில் புதிதாகச் செய்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கம் வேறு. இலுப்பையிலும் தேக்கிலும் சிற்பங்களைச் செதுக்கி, தலைமுறை தலைமுறையாக அதே தேரை வைத்துக்கொண்டு, சக்கரம் போனால் சக்கரம், அச்சு முறிந்தால் அச்சு என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். மாற்றுவதற்கு மரமும் பணமும் மனிதரும் இருந்தவரையில் சரி. இல்லாமற்போன காலத்தில் ஊர் ஊராகத் தேர்கள் நின்று போயின. தகரக் கொட்டகைக்குள் ஆலஞ்செடி முளைத்து நின்ற தேர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரியதே நின்று போயிற்று. திருவாரூர்த் தேரை அப்பர் சுவாமிகள் ஆழித்தேர் என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது. அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம். எடை 300 டன் என்று சொல்வது வழக்கம். 1920-களில் பழைய தேர் தீப்பற்றி எரிந்துபோய், 1930-இல் புதுத் தேர் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் நின்ற தேர் 1970-இல் மறுபடி ஓடியபோது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. திருவாரூரில் படித்து வளர்ந்தவர், கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னவர். வடபாதிமங்கலம் தியாகராஜ முதலியாரும் அந்த முயற்சியில் கூட நின்றார். தேருக்கும் திராவிடக் கட்சிக்கும் ஏழாம் பொருத்தம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். ஊர்ப் பாசம் என்று ஒன்று இருக்கிறது. அது கொள்கையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஓடியதே தவிர, மரச் சக்கரத்தின் கவலை தீரவில்லை. அதைத் தீர்த்து வைத்தது நம் திருச்சி. திருவெறும்பூரில் 1965-இல் தொடங்கிய பாரத மிகுமின் தொழிற்சாலையை, எங்கள் ஊரில் 'பெல்' என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். மின்சார நிலையங்களுக்கு ராட்சதக் கொதிகலன்கள் செய்கிற இடம். 1980-களின் கடைசியில் அவர்கள் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும், ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புச் சக்கரங்களும் செய்து, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த மற்ற ஊர்க் கோயில்களும் திருவெறும்பூருக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தன. நின்றிருந்த பல தேர்கள் மீண்டும் தெருவுக்கு வந்ததில் கொதிகலன் செய்கிறவர்களின் பங்கு சின்னதல்ல. மேலும் பழுது பார்த்த பிறகு ஆழித்தேர் 2016 ஜூனில் மறுபடியும் ஓடியது.

'மரம் இருந்த இடத்தில் இரும்பா? பழைய தேராகுமா?' என்று கேட்டவர்கள் உண்டு. ஏதென்ஸ் நகரத்தில் தீசியஸ் என்ற வீரனின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றி வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று அந்த ஊர்த் தத்துவ ஞானிகள் சண்டை போட்டதாகப் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் அவ்வளவு தத்துவம் வேண்டியதில்லை. தாத்தா காலத்துக் கோடாலிக்கு அப்பா பிடியை மாற்றினார், பிள்ளை இரும்பை மாற்றினான், கோடாலி தாத்தாவுடையதுதான் என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விடுவோம்.

பாலக்கரை மெக்கானிக்கின் அளவுகோலைக் கொண்டுதான் நான் இதைப் பார்க்கிறேன். பிடி போயிற்றா, இருக்கிறதா?

இருக்கிறது. இதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரும்பு அச்சு வந்தது, இரும்புச் சக்கரம் வந்தது, பிரேக் வந்தது. சுக்கான் மட்டும் வரவில்லை. ஆழித்தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் முட்டித் தள்ளுகிற இந்தக் காலத்திலும், வீதி முனையில் திரும்புவதற்கு இரும்புத் தகடும் முட்டுக்கட்டையும்தான். கொதிகலன் செய்யத் தெரிந்த என்ஜினீயர்கள் ஆக்கர்மன் முறையை அறியாதவர்கள் அல்லர். அவ்வளவு பாரத்தைத் தாங்கும் அச்சை, வருஷத்துக்கு நான்கே திருப்பத்துக்காக, திரும்புகிற அச்சாக மாற்றுவதைக் காட்டிலும், தெரிந்த கைகளிடம் விட்டுவிடுவது நல்லது. பிரேக் வந்ததால் அந்தக் கைகளுக்கு ஆபத்துக் குறைந்திருக்கிறது. கட்டை நழுவினாலும் தேரை நிறுத்த இப்போது இன்னொரு வழி இருக்கிறது.

ஆபத்து என்று சொல்லும்போது இன்னொரு சொல் நினைவுக்கு வருகிறது. இங்கிலீஷில் 'ஜக்கர்நாட்' என்று ஒரு வார்த்தை. தடுக்க முடியாமல் எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு வருகிற எதற்கும் அந்தப் பெயர். பூரி ஜகந்நாதரிடமிருந்து போன சொல் அது. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஒதொரிக் என்ற இத்தாலியத் துறவி, பக்தர்கள் தேர்க்காலில் விழுந்து உயிரை விடுவதாக எழுதிப் போனார். பிறகு வந்தவர்களும் அதையே பெருக்கிப் பெருக்கி எழுதினார்கள். நெரிசலில் சறுக்கி விழுந்தவர்களையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நின்றவனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்திருந்தால், தடுக்க முடியாத பொருள் என்று தேருக்குப் பெயர் வைத்திருக்க முடியாது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி விடியற்காலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதயத் திருவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். முட்டுக்கட்டையின் ஆட்சி தெருவோடு சரி. அதற்கு மேலே இருக்கிறதைப் பார்க்க வேறு கண்கள் வேண்டும். கம்பியை அவிழ்க்காமல், மின்சாரத்தை நிறுத்தாமல் தேரை நகர்த்தக் கூடாது என்பதைப் பதினொரு குடும்பங்கள் விலை கொடுத்து நமக்குக் கற்பித்திருக்கின்றன.

வேறு விதத்தில் நின்ற தேர் ஒன்றும் உண்டு. தேவகோட்டைக்கு அருகில் கண்டதேவி. அங்கே சக்கரம் கெட்டதனால் மட்டும் தேர் நிற்கவில்லை. வடத்தை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற வழக்கில் நின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கும் வடம் பிடிக்க உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1990-களின் இறுதியில் கோர்ட்டுக்குப் போன விஷயம், வருஷக்கணக்கில் இழுபட்டது. இழுபட்டதெல்லாம் வழக்குத்தான், தேர் அல்ல. கடைசியில் 2024 ஜூனில், போலீஸ் காவலுக்கு நடுவே ஓடியது. 'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்று நாம் பழமொழி சொல்கிறோம். ஊர் என்றால் யார் யார் என்று பழமொழி சொல்லவில்லை. அதைக் கோர்ட்டிலே போய்க் கேட்க வேண்டியிருந்தது. இதற்கும் 'முட்டுக்கட்டை போட்டார்கள்' என்றுதான் பத்திரிகைகள் எழுதின. முட்டுக்கட்டை ஒரு நாளும் தேரைக் கொட்டகையில் நிறுத்தி வைத்ததில்லை. அந்த வேலைக்கு மனிதர்கள்தான் வேண்டும்.

என் கட்சி இத்துடன் முடிகிறது. இனிமேல் யாராவது நல்ல காரியத்தைக் கெடுத்தால் அவர்களைக் கல் என்று சொல்லுங்கள், முள் என்று சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. முட்டுக்கட்டை என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதன் மறு முனையைப் பிடித்திருக்கிற காய்த்த கையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சித்திரையில் ஸ்ரீரங்கத்துக்கு வர முடிந்தால் கோபுரத்தடியில் நிற்காதீர்கள். கீழச் சித்திரை வீதியும் தெற்குச் சித்திரை வீதியும் சேர்கிற முனையில் ஏதாவது ஒரு திண்ணையில் இடம் பிடியுங்கள். முதல் திருப்பம் அங்கேதான். தேர் வந்ததும் பெருமாளைச் சேவித்துவிட்டு, உடனே பார்வையைக் கீழே இறக்குங்கள்.